லென்ஸில் ஒரு கட்டைவிரல்

புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்குப் படக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தன் மூளை சரியில்லை என்பதை விஞ்ஞானபூர்வமாக நிரூபித்தே தீருவது!

சிரிக்காதீர்கள். ஊரில் எல்லாரும் தங்களுக்கு மூளை இருக்கிறது என்று காட்டத்தான் படாதபாடு படுகிறார்கள். நம்மவர் மட்டும் எதிர்த்திசையில் ஓடினார் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? இருந்தது. விடியற்காலை ஐந்து மணிதான் காரணம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். கண் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகப் படம் எடுக்கிறவர். முகத்தை இல்லை, கண்ணுக்கு உள்ளே! கருமணி வழியாக வெளிச்சம் அடித்து, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரையைப் படம் பிடிக்கிற வேலை. "தாடையை இங்க வைங்க, நெத்தியை ஒட்டுங்க, பச்சைப் புள்ளியைப் பாருங்க, சிமிட்டாதீங்க... ஆச்சு!" இதை ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்லுவார். தூக்கத்திலும் சொல்லுவார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் படக்காரர் என்றே பெயர். வீட்டில் வேறு பெயர். மறதி மன்னர்.

அந்த மறதி பாதி பிறவியிலேயே வந்தது. மீதி அவரே உழைத்துச் சம்பாதித்தது. கல்யாணமான புதிதில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். பாத்திரம் கருகியது. இரண்டாவது பாத்திரமும் கருகியது. மூன்றாவது கருகியபோது, இனி அவர் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் வந்தது. அடடா, இதில் இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது! அப்புறம் வெங்காயம் வாங்கப் போனால் துடைப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் சொன்னால், மகளின் குடையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். மெல்ல மெல்ல எல்லாரும் அவரிடம் வேலை சொல்வதையே விட்டுவிட்டார்கள். மாலையானால் எதிர்வீட்டுக் கண்டக்டரோடு சீட்டாட்டம். அங்கே மட்டும் போன மாதம் செவ்வாய்க்கிழமை யார் எந்தச் சீட்டை இறக்கினார் என்பது வரைக்கும் தலைகீழாகச் சொல்லுவார். அந்தக் கண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர், இதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. நல்ல மனிதர்.

அவருடைய மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். பதினைந்து வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, யார் எப்போது எந்தப் பக்கம் திருப்பப் போகிறார்கள் என்பதை அவர்கள் திருப்புவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கிற பெண்மணி. அப்பேர்ப்பட்டவரிடம் இப்பேர்ப்பட்டவர் இத்தனை வருஷம் பிழைத்ததே பெரிய விஷயம்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சரம்மா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க! கிடைச்சிடுச்சுங்க! பெண்களுக்குன்னு தனியா காலை பேட்ச் ஆரம்பிக்கிறாங்க. அஞ்சரையிலேருந்து எட்டரை. அதுக்கு நான்தான் தலைமை! எனக்குக் கீழ மூணு பேரு!"

"அடேயப்பா! பிரமாதம்!"

"சனிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணும். நான் அஞ்சு மணிக்கே கிளம்பணும். காலையில நீங்கதான் பாத்துக்கணும்."

"எதை?"

"வீட்டை."

"வீடு எங்க போயிடப் போகுது? அதை எதுக்குப் பாத்துக்கணும்?"

"அடுப்பைங்க. ஏழரைக்குப் பொண்ணு கிளம்பணும். சாப்பாடு, மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸ், எல்லாம்."

படக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து மணி என்று ஒரு மணி காலையிலும் இருக்கிறது என்பதே அவருக்குக் கேள்வி ஞானம்தான்.

"ஏம்மா, எனக்கு மறதின்னு ஊருக்கே தெரியும். அடுப்பைப் பத்தவெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்னா என்ன ஆகும்?"

டீச்சரம்மாவின் சிரிப்பு அணைந்தது. கைப்பையைக் கீழே வைத்தார். "அதைத்தான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். நிஜமாவே மறதின்னா நான் வேண்டாம்னு சொல்லிடுறேங்க. உங்களையும் பிள்ளையையும் நெருப்போட விட்டுட்டுப் போய் எனக்கு எந்தத் தலைமையும் வேண்டாம். ஆனா நிஜமா மறதியா, இல்ல சும்மாவா? அது எனக்குத் தெரியணும். சனிக்கிழமைக்குள்ள."

"அப்பாவுக்கு சும்மாதாம்மா" என்றாள் மகள், பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். பதினைந்து வயசு. அந்த வயசுக்கு இரக்கம் என்பதே கிடையாது.

இந்த நிலைமையில்தான் புதன்கிழமை விடிந்தது. ஆஸ்பத்திரியில் புது கேமரா வந்து இறங்கியிருந்தது. கூடவே ஒரு கம்ப்யூட்டர். கண் டாக்டரம்மா எல்லாரையும் படம் எடுக்கிற அறைக்குள் கூப்பிட்டார். குள்ளமான, கண்டிப்பான டாக்டர். மனிதர்களின் கண்ணுக்குள் மயிரிழை அளவு இடத்தில் ஆபரேஷன் செய்வார். ஆனால் காரைப் பின்னால் எடுத்து நிறுத்த மட்டும் எட்டு மாதமாக வரவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பது யார்? நம் டீச்சரம்மாதான்.

"விழித்திரைங்கிறது தனியான சாமான் இல்ல" என்று டாக்டர் ஆரம்பித்தார். "கரு உருவாகும்போது மூளையிலேருந்து வெளியே நீண்டு வந்த துண்டு. மண்டையைத் திறக்காம மூளையைப் பாக்கணும்னா இருக்கிற ஒரே ஜன்னல் கண்ணுதான். இந்தக் கம்ப்யூட்டருக்கு லட்சக்கணக்கான கண் படங்களைக் காட்டிப் பழக்கியிருக்காங்க. ரத்தக்குழாய் எப்படி வளையுது, நரம்பு எங்க மெலிஞ்சிருக்குன்னு நம்ம கண்ணுக்குப் படாததை எல்லாம் பாக்கும். மறதி நோய், கை நடுக்கம், இதெல்லாம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாலயே அடையாளம் தெரியுதான்னு சொல்லும். பச்சைன்னா கவலை இல்ல. மஞ்சள்னா கவனமா இருக்கணும். சிவப்புன்னா மூளை டாக்டரைப் போய்ப் பாக்கணும். ஆனா இது ஆராய்ச்சிதான். சிவப்பு வந்தா நோய்னு அர்த்தம் இல்ல. இது சொல்றதை எல்லாம் மனுஷங்க சரி பாத்துதான் ஆகணும். முதல்ல நம்ம ஆளுங்களையே எடுத்துப் பாப்போம்."

படக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. உண்மையிலேயே! இருபத்திரண்டு வருஷம்! எத்தனை ஆயிரம் கண்கள்! தான் ஏதோ சிவப்பு வட்டத்தைப் படம் எடுப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்? அத்தனை நாளும் ஜன்னல் வழியாக மூளையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! பக்கத்தில் நின்ற நர்ஸின் கையைப் பிடித்து, "கேட்டியாம்மா, மூளையாம்! மூளை!" என்று குலுக்கினார். அந்தப் பெண் பயந்து கையை இழுத்துக்கொண்டது.

அந்தக் குலுக்கலின் நடுவில்தான் யோசனை வந்தது. மஞ்சள்! ஒரே ஒரு மஞ்சள் போதும். 'கவனமாக இருக்க வேண்டும்' என்று அச்சடித்த காகிதம். அதைக் காட்டினால் ஐந்து மணியும் போச்சு, அடுப்பும் போச்சு, ஆயுசு முழுக்கச் சீட்டாட்டம்! மணி அப்போது பத்தே முக்கால்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். படக்காரர் அறையைச் சாத்தினார். புது கேமரா சமத்து. தாடையை வைத்தால் போதும், தானே கண்ணைத் தேடிப் பிடித்துத் தானே சொடுக்கிவிடும். படத்தைக் கெடுப்பது எப்படி என்று அவருக்கா தெரியாது? கெட்ட படங்களைத் திருத்தியே காலம் தள்ளியவர்!

சொடுக்குகிற நேரம் பார்த்து ஓங்கிச் சிமிட்டினார். கம்ப்யூட்டர் சொன்னது: 'படம் தெளிவாக இல்லை. மீண்டும் எடுக்கவும்.'

தலையைச் சாய்த்தார். 'நோயாளியை நேராக உட்காரச் சொல்லவும்.'

"யாரைடா நோயாளிங்கிறே?" என்று சீறிவிட்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார். கட்டைவிரலால் தலைமுடியை ஒரு தடவு தடவினார். எண்ணெய் பிசுபிசுத்தது. அந்த விரலை லென்ஸின் ஓரத்தில் மெதுவாக, குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி, ஒரே ஒரு ஒற்று. தாடையை வைத்தார். வலது கண், சொடுக்! இடது கண், சொடுக்!

நாற்பது விநாடி யோசித்தது கம்ப்யூட்டர். பிறகு திரை முழுக்கச் சிவந்தது.

'சிவப்பு. மறதி நோய்க்கான அடையாளங்கள்: அதிகம்.'

கொஞ்சம் அழுத்திவிட்டார் போலிருக்கிறது. சாம்பாராக இருந்தால் தண்ணீர் ஊற்றலாம், இதை என்ன செய்வது? சரி, மஞ்சளை விடச் சிவப்பு இன்னும் உறுதிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வேலையில் மட்டும் நாணயமானவர் என்பதால், அடுத்து வருகிற நோயாளிகளுக்காக லென்ஸைப் பளபளவென்று துடைத்து வைத்தார். ரிப்போர்ட்டையும் இரண்டு கண் படங்களையும் கலரில் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது நடையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். காகிதங்களை நீட்டினார். குரலைப் பாதியாகக் குறைத்தார்.

"நான் சொல்லலை? நீ நம்பலை. மெஷினே சொல்லிடுச்சு."

டீச்சரம்மா ரிப்போர்ட்டைப் படித்தார். முகம் வெளுத்தது. பிறகு வலது கண் படத்தை எடுத்துப் பார்த்தார். இடது கண் படத்தை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சட்டென்று திரும்பிச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகளும் பின்னாலேயே ஓடினாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் படக்காரருக்குக் கேட்டது இதுதான்: மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு சத்தம். விக்கல் மாதிரி ஒரு சத்தம். ஏதோ ஒரு தட்டு கீழே விழுந்தது. ஐயோ, அழுகிறார்கள்! தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்! படக்காரருக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிஷம், உள்ளே ஓடிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். அந்த நிமிஷம் கடந்துபோயிற்று.

டீச்சரம்மா வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. உக்காருங்க. நான் இருக்கேன்."

வியாழக்கிழமை ஒரு நாள் படக்காரர் மகாராஜாவாக வாழ்ந்தார். குளிக்க வெந்நீர் தேடி வந்தது. செருப்பைக்கூட மகள்தான் எடுத்து வைத்தாள், கொஞ்சம் அதிகமாகவே குனிந்து. சாயங்காலம் கண்டக்டரிடம் நான்கு ஆட்டம் ஜெயித்தார். அந்த மாதிரி ஒரு வியாழக்கிழமை அவருக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது டீச்சரம்மா ஒரு காகிதத்தைப் பிரித்தார்.

"இன்னைக்கு உங்க டாக்டரம்மா கார் ஓட்ட வந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். மூளைக்கு எது நல்லதுன்னு அவங்களே எழுதிக் குடுத்தாங்க."

"மாத்திரையா?"

"மாத்திரை எதுவும் வேண்டாமாம். பழக்கமில்லாத புது வேலை எதையாவது தினமும் செய்யணுமாம். ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுன்னு வரிசையா ஞாபகம் வெச்சு, நேரம் பாத்து, கையாலயும் மூக்காலயும் நாக்காலயும் சேர்த்துச் செய்யற வேலையா இருந்தா ரொம்ப விசேஷமாம்."

"அப்படி என்ன வேலை இருக்கு?"

"சமையல்!"

படக்காரரின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"அதுவும் மூளை புத்தம் புதுசா இருக்கிற நேரத்துல செய்யணுமாம். காலையில அஞ்சு மணிக்கு. அப்புறம் கடைக்குப் போகணும். காகிதத்துல எழுதிக்கிட்டுப் போகக் கூடாது. பன்னெண்டு சாமான், மனசுல வெச்சு வாங்கிட்டு வரணும். மறந்தா மறுபடி போகணும். நடக்கிறது மூளைக்கு நல்லதாம்."

"சீட்டாட்டம்கூட மூளைக்கு நல்லதுதானே?" கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார்.

"கேட்டேங்க, உங்களுக்காக! அது பழகின வேலையாம். மூளை அதுல தூங்குதாம்."

"ஏம்மா, நான் மறதிக்காரன். அடுப்பை நம்பி என்கிட்ட விடலாமா?"

"அதுக்குத்தான் முதல் நாலு நாள் பொண்ணு பக்கத்துல நிப்பா. என் கார்ல எனக்கு ஒரு பிரேக் இருக்கிற மாதிரி."

"நீயே கூட இருந்தா..."

டீச்சரம்மா பெருமூச்சு விட்டார். "இருக்கலாம்தான். ஆனா நான் இருந்தா பாவம்னு உதவி பண்ணிடுவேன். உதவி பண்ணா மூளை வேலை செய்யாதாம். அதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு, காலை பேட்ச்சுக்குச் சரின்னு சொல்லிட்டேன். எல்லாம் உங்களுக்காகத்தாங்க."

படக்காரர் யோசித்துப் பார்த்தார். இது வேலையாக இருந்தால் தட்டிக் கழிக்கலாம். வைத்தியத்தை எப்படித் தட்டிக் கழிப்பது?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து! முதல் நாள் சோறு பாதி அரிசியாகவே இருந்தது. இரண்டாம் நாள் பசையானது. முட்டை ஒன்று வெடித்துக் கூரையில் ஒட்டியது. மகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, சுவரில் ஒட்டிய தாளில் தினமும் மதிப்பெண் போட்டாள். பத்துக்கு ஒன்றரை. பத்துக்கு இரண்டு. கடைக்குப் பன்னிரண்டு சாமானுக்கு மூன்று நடை நடந்தார். கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் சங்கிலியைக்கூடக் கழற்றாமல் இடுக்கு வழியாகப் பேசினார்.

"வேண்டாம்ப்பா. உன் வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. உன் மூளை தூங்குறதுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன்."

"யோவ், என் மூளைக்கு ஒண்ணும் இல்லைய்யா!"

"வியாதி உள்ளவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாம். அதையும் சொல்லிட்டுத்தான் போனாங்க." கதவு சாத்திக்கொண்டது.

ஆனால் ஒரு வாரம் போனதும் ஓர் அதிசயம் நடந்தது. கைக்கு வேலை படிந்துவிட்டது! சோற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று விரல் தானாக அளந்தது. பத்துக்கு ஆறு வாங்கிய மறுநாள், ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடமெல்லாம், "நேத்து என் பொண்ணு டிபன் பாக்ஸைக் காலி பண்ணிடுச்சுங்க! தாடையை இங்க வைங்க" என்று சொன்னார். எட்டரைக்கு வகுப்பு முடிந்து டீச்சரம்மா திரும்பி வருகிற நடையே மாறியிருந்தது. அன்றைக்கு யார் முதல் தடவை கியர் மாற்றினார், யார் பயத்தில் அழுதுவிட்டுப் பிறகு பாலத்தின் மேல் ஏற்றிக் காட்டினார் என்று கை வீசிக் கதை சொன்னார். கேட்கக் கேட்கப் படக்காரருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதையா கெடுக்கப் பார்த்தோம் என்று உள்ளுக்குள் ஒரு குத்தலும் இருந்தது.

பதினைந்தாம் நாள் வீட்டுச் சாவியைக் காணவில்லை. தேடாத இடமில்லை. கடைசியில் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அவரேதான் போட்டிருக்கிறார். போட்டது சுத்தமாக ஞாபகம் இல்லை.

சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருடைய பெரியண்ணன் கடைசி இரண்டு வருஷம் தன் வீட்டு வாசலில் நின்றே தன் வீட்டுக்கு வழி கேட்டவர். அந்தச் சிவப்பு, கட்டைவிரலால் வந்ததா? அல்லது விரல் இல்லாவிட்டாலும் சிவப்பே வந்திருக்குமா? துடைத்த லென்ஸில் இன்னொரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். நாற்பது விநாடி வேலை. அன்றைக்கும் மறுநாளும் சேர்த்து எட்டுத் தடவை தாடையைக் கொண்டுபோய் வைத்தார். எட்டுத் தடவையும் கேமரா சொடுக்குவதற்குள் பயந்து தாடையை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் டீச்சரம்மாவும் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் படம்..."

"லென்ஸ்ல விரலை வெச்சீங்க."

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே தெரியுங்க. ரிப்போர்ட்டைப் படிச்சதும் உயிரே போயிடுச்சு எனக்கு. அப்புறம் ரெண்டு படத்தையும் பாத்தேன். வலது கண்ணுல ஒரு கறை. இடது கண்ணுலயும் அதே கறை, அதே இடத்துல, அதே அளவுல. முன்கண்ணாடியில அழுக்கு இருந்தா, காரை வலது பக்கம் திருப்பினாலும் இடது பக்கம் திருப்பினாலும் அழுக்கு அதே இடத்துலதான் நிக்கும். ரோடு மாறும், அழுக்கு மாறாது. முதல் நாள் வகுப்புலயே இதைத்தான் சொல்லிக்குடுப்பேன்."

படக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இதே விஷயத்துக்காக எத்தனை புது ஆட்களை அவர் திட்டியிருக்கிறார்! 'ரெண்டு கண்ணுலயும் ஒரே இடத்துல புள்ளின்னா அது கண்ணுல இல்லைய்யா, கண்ணாடியில!' இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வந்த பாடம். தன் படம் என்று வந்தபோது அதைத்தான் மறந்திருக்கிறார். உண்மையாகவே மறந்த ஒரே விஷயம்!

"அப்போ கதவைச் சாத்திக்கிட்டு அழுதீங்களே?"

"யாரு அழுதா?" என்றாள் மகள், அடுத்த அறையிலிருந்து. "சிரிச்சதுல தட்டே விழுந்துடுச்சு!"

"சரி, அதை விடுங்க" என்றார் டீச்சரம்மா. கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கியது. "சாவி காணாமப் போனதுலேருந்து நீங்க சரியாச் சாப்பிடலை. பயமா இருக்கா?"

"இருக்கு."

"உங்க பெரியண்ணனை நினைச்சா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நாளைக்கு நான் கூட வரேன். எது வந்தாலும் ரெண்டு பேருமா பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டரம்மா முன்னால் இருவரும் நின்றார்கள். டாக்டர் முதலில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். "இருபத்திரண்டு வருஷம் லென்ஸைத் துடைச்ச கையாய்யா இது? உங்க படத்தை அன்னைக்குச் சாயங்காலமே ஆராய்ச்சியிலேருந்து தள்ளிட்டேன். ஒரே இடத்துல கறைன்னு எனக்குத் தெரியாதா? டீச்சர் கொஞ்ச நாள் சும்மா இருங்கன்னு கேட்டுக்கிட்டதால இருந்தேன். நான் எழுதிக் குடுத்ததுல பொய் எதுவும் இல்ல. எல்லா ஆம்பளைங்களுக்கும் நல்லது அது. உக்காருங்க இப்போ!"

படக்காரர் உட்கார்ந்தார். நோயாளியின் பக்கம். தாடையை வைத்தார், நெற்றியை ஒட்டினார், பச்சைப் புள்ளியைப் பார்த்தார். சிமிட்டவில்லை. சொடுக்! சொடுக்!

நாற்பது விநாடி. படக்காரரின் கை மனைவியின் கையைத் தேடியது. அது ஏற்கனவே வந்து காத்திருந்தது. முப்பது. முப்பத்தைந்து.

பச்சை!

திரை முழுக்கப் பச்சை! டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு படத்தையும் தன் கண்ணாலும் சரி பார்த்தார். "நல்லா இருக்குய்யா. ரத்தக்குழாய், நரம்பு, எல்லாம் சுத்தம். சாவி தொலைக்கிறதெல்லாம் வியாதி இல்ல. நான் என் காரையே தொலைச்சிருக்கேன்."

படக்காரர் துள்ளிக் குதித்தார். நர்ஸின் கையைக் குலுக்கினார். டாக்டரின் கையைக் குலுக்கினார். கேமராவைத் தட்டிக் கொடுத்தார். டீச்சரம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை நிஜ அழுகை.

வீடு திரும்பும் வழியெல்லாம் படக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருமுனை வந்ததும்தான் அடுத்த யோசனை வந்தது. "ஏம்மா! எனக்குத்தான் வியாதியே இல்லைன்னு ஆயிடுச்சே. அப்போ வைத்தியத்தை நிறுத்திடலாம், இல்லையா?"

டீச்சரம்மா வீட்டைப் பார்த்து நடந்தார். வாசலில் கண்டக்டரும் கண்டக்டரின் மனைவியும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு? என்ன சொன்னாங்க?"

டீச்சரம்மா கைப்பையைத் திறந்து, ஒரு கையில் பழைய சிவப்பையும் இன்னொரு கையில் புதுப் பச்சையையும் உயர்த்திக் காட்டினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "சிவப்பா இருந்த மனுஷன், பதினேழே நாள் அடுப்படியில நின்னாரு. பச்சை ஆயிட்டாரு!"

"ஐயோ, இல்ல..." என்று படக்காரர் ஆரம்பித்தார்.

"என்ன இல்ல?" டீச்சரம்மா அன்போடு திரும்பிப் பார்த்தார். "சொல்லுங்க. முதல்ல எப்படிச் சிவப்பு வந்ததுன்னு இவங்களுக்கும் சொல்லுங்களேன்."

படக்காரர் வாயை மூடிக்கொண்டார். கண்டக்டரின் மனைவி இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் கணவரை, தலையிலிருந்து கால் வரைக்கும், புது கேமரா பார்ப்பது போலப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு எதிர்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் கண்டக்டர். கையில் பாதி உரித்த வெங்காயம், கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர். "துரோகி!" என்று அங்கிருந்தே கரண்டியை ஆட்டினார். படக்காரர் ஜன்னலைச் சாத்தினார். பால் பொங்கி வருவதற்கு ஒரு விநாடி முன்னால், மறக்காமல், அடுப்பை அணைத்தார்.